மெமரி கார்டைக் கழட்டிக் கொடுத்துவிடாதீர்கள்

டேஷ்கேம் மாட்டிவிட்டால் போலீஸ் தொல்லையே இருக்காது என்று நம்பி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. வாங்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் காரில் இருக்கிறது, மனைவியின் காரிலும் நானே மாட்டிக் கொடுத்தேன். ஆனால் கேமரா பதிவு செய்துவிட்டது என்பதோடு கதை முடிவதில்லை. அந்தப் பதிவு ஸ்டேஷன் ரைட்டர் மேஜைக்குப் போய், விசாரணை அதிகாரியின் கண்ணில் பட்டு, கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீல் கைக்கும் வந்து சேரும். அதற்குள் அது நமக்கு என்ன செய்கிறது, நம்மை என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். எந்த மாடலில் ராத்திரி நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் என்று பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதைப் பேசத்தான் ஆள் குறைவு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரி கடைசியில் பெங்களூரு சர்ஜாப்பூர் சாலையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். விடியற்காலை மூன்று மணி வாக்கில் ஒரு தம்பதி காரில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ராங் ரூட்டில் வந்த பைக் வேண்டுமென்றே காரின் முன்பக்கம் மோதியது. அவர்கள் கீழே இறங்கவில்லை, வண்டியைப் பின்னுக்கு எடுத்துக் கிளம்பிவிட்டார்கள். பைக்கில் வந்தவர்கள் கிலோமீட்டர் கணக்கில் துரத்தினார்கள். எல்லாம் டேஷ்கேமில் இருந்தது, போலீஸ் இருவரைக் கைது செய்தது. கேமரா மட்டும் இல்லையென்றால் அந்தச் சம்பவத்தை எப்படி எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பைக்கில் மோதிவிட்டுத் தப்பி ஓடிய கார், அவ்வளவுதான். இடிபட்ட பைக்கும் கிளம்பிப் போன காரும் சேர்ந்தால் நம் ஊரில் வேறு கதை யாருக்கும் தோன்றாது.

இந்த மாதிரி வழக்கில் டேஷ்கேம் போல உதவுவது வேறெதுவும் இல்லை. ஏனென்றால் இங்கே ஓட்டுநர்தான் புகார்தாரர். ஓட்டுநரே எதிரியாக நிற்கும் விபத்து வழக்கு முற்றிலும் வேறு. அதைக் கூடவே இருந்து பார்த்தேன்.

சித்தப்பா மகன், என்னைவிட எட்டு வயது இளையவன். 2024 அக்டோபரில் ஒரு காலை வேளை, நூறடி ரோட்டில் வடபழனியைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். மீடியனில் பேரிகேட் விலகியிருந்த ஓர் இடைவெளி வழியாக ஒரு பைக் எதிர்ச்சாரியிலிருந்து உள்ளே நுழைந்து, இவன் லேனைக் குறுக்காக வெட்டியது. காரின் வலது முன்பக்கம் இடித்து அந்தப் பையன் விழுந்தான். கால் எலும்பு முறிவு. தம்பி வண்டியை ஓரங்கட்டி, 108-க்குப் போன் செய்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருந்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும், போலீஸுக்குத் தகவல் தர வேண்டும். கேமரா இதையும் பதிவு செய்துகொண்டே இருந்தது. பிற்பாடு விசாரணையில் மோதலைவிட இந்தப் பத்து நிமிடம்தான் தம்பிக்கு அதிகம் கைகொடுத்தது என்பது என் எண்ணம். அதனால் விபத்து நடந்ததும் பதறிப்போய்க் கேமராவைப் பிடுங்கிவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் வந்து போகும்வரை ஓடட்டும்.

அதன் பிறகு கட்டாயம் அணைத்துவிட வேண்டும். டேஷ்கேம் நிறைந்த கார்டின் மேலேயே சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டு போகும் சாதனம். 64 ஜி.பி. கார்டில் சாதாரண ஹெச்.டி. தரத்தில் எட்டுப் பத்து மணி நேரம் நிற்கும், பிறகு பழையது அழியும். இடி விழுந்தால் ஜி-சென்சார் அந்தக் கோப்பை மட்டும் பூட்டி வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பூட்டுவது மோதிய அந்த ஓரிரு நிமிடக் கோப்பை மட்டும். அதற்கு முன்பு நீங்கள் எப்படி ஓட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று காட்டும் கோப்புகளுக்குப் பூட்டு கிடையாது. அவைதான் நிதானமான ஓட்டுநர் என்பதற்கு ஆதாரம்.

மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போனோம். "சார், கேமரா இருக்கு, எல்லாம் பதிவாகியிருக்கு சார்" என்று தம்பி சொன்னதும் அங்கிருந்த எஸ்.எஸ்.ஐ. கையை நீட்டினார்.

"அப்படியா, நல்லதாப் போச்சு. கார்டைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க தம்பி, பார்த்துட்டுக் கூப்பிடறோம்."

தம்பி கழட்டியே விட்டான். நான் குறுக்கே போனேன். "சார், கண்டிப்பா தர்றோம் சார். ஒரு காப்பி மட்டும் எடுத்துக்கிறோம், அதுக்கப்புறம் ஒரிஜினலை மகஜர்ல ஏத்தி வாங்கிக்கங்க சார்."

"நீங்க வக்கீலா?"

"இல்ல சார், அண்ணன்."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். லேப்டாப்பில் கார்டு முழுவதையும் நகலெடுத்தோம். ஒரு வெள்ளைத் தாளில் தேதி, நேரம், கேமராவின் மாடல், சீரியல் நம்பர், கோப்புகளின் பெயர் எல்லாம் எழுதி, இரண்டு பிரதியாக்கி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாக ஸ்டேஷன் முத்திரை வாங்கிக்கொண்டோம். அந்த அதிகாரி நேர்மையானவர், கார்டை அவர் தொலைத்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் ஆள் மாற்றலாகிப் போவார், மேஜை மாறும், விரல் நகமளவு கார்டு எந்தக் கவருக்குள் கிடக்கிறது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் 64,105 விபத்துகள் பதிவாயின, இந்தியாவிலேயே அதிகம். ஒரு நாளைக்கு நூற்றெழுபத்தைந்துக்கு மேல். இத்தனை கோப்புகளைச் சுமக்கிறவர்களிடம், பதிவேட்டில் ஏறாத பொருளை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வது நியாயமே இல்லை.

வீடியோவைப் பார்த்த பிறகும் எஃப்.ஐ.ஆர். தம்பி பேரில்தான் விழுந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகள். வீட்டில் எல்லோரும் கொதித்தார்கள். தப்பு யார் மேல் என்று வீடியோ காட்டுகிறதே, பிறகு எப்படி என்று. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் வாக்குமூலம்தான் புகார். நாம் வைத்திருக்கும் ஆதாரத்தை எடைபோடுவது அந்தக் கட்டத்தின் வேலை அல்ல. பெரிய வண்டிக்காரன் மேல் கேஸ் என்கிற பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே டேஷ்கேம் எஃப்.ஐ.ஆரைத் தடுக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது வேலை செய்யும் இடம் எஃப்.ஐ.ஆருக்கும் இறுதி அறிக்கைக்கும் இடையில். பார்வை மகஜர், ரஃப் ஸ்கெட்ச், பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் இவற்றோடு சேர்ந்து இதுவும் கோப்பில் ஏறினால்தான் அதற்கு மதிப்பு. வாட்ஸாப்பில் அனுப்பி வைத்த வீடியோ கோப்பில் ஏறாது. அனுப்பும்போதே சுருங்கி, தரம் குறைந்துவிடும், அசல் என்று அதைக் காட்டவும் முடியாது.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு அழைத்தார்கள். இந்த முறை இன்ஸ்பெக்டரே வீடியோவை மானிட்டரில் ஓட்டிக் காட்டினார். ஓட்டிவிட்டு நிறுத்தி, திரையில் விரலை வைத்தார். "இங்க பாருங்க. இடைவெளியில பைக் மூக்கு தெரியுது. இடிக்கிறதுக்கு ரெண்டரை செகண்ட் முன்னாடி. ஏன் பிரேக் அடிக்கல?"

தம்பிக்கு வாயடைத்துவிட்டது. அவன் சத்தியமாகப் பார்க்கவில்லை. ஆனால் வீடியோவில் பைக் பளிச்சென்று தெரிகிறது.

டேஷ்கேம் ஓட்டுநருக்குச் செய்யும் பெரிய கெடுதல் இதுதான். கேமரா இருப்பது கண்ணாடியின் நடுவில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால். அதற்கு முன்னே தடுப்பு எதுவும் இல்லை. ஓட்டுநரின் கண் இருப்பது வலது இருக்கையில், கண்ணாடியைத் தாங்கும் முன்தூணுக்குப் பக்கத்தில். இப்போது வரும் கார்களில் அந்தத் தூண் நல்ல தடிமன், சிலவற்றில் ஏர்பேக் வேறு அதற்குள் இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து சீராக நெருங்கி வரும் பைக், நாமும் சீரான வேகத்தில் போனால், நம் பார்வையில் ஒரே கோணத்திலேயே நின்றுகொண்டு வரும். அந்தக் கோணத்தில் தூண் இருந்துவிட்டால் கடைசி நொடிவரை கண்ணில் படாது. கேமராவுக்குத் தெரிந்தது ஓட்டுநருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைப்பது தவறு. இதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், வீடியோ தானாகச் சொல்லாது. தம்பி மறுநாளே ஓட்டுநர் இருக்கையில் கண் மட்டத்தில் போனை வைத்துத் தூண் மறைக்கும் இடத்தைப் படமெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் அதையும் கோப்பில் சேர்த்தார்.

அகன்ற லென்ஸ் இன்னொரு சிக்கல். எதிரே இருப்பதெல்லாம் நிஜத்தைவிடத் தள்ளி இருப்பதாகக் காட்டும். பார்க்கிறவர்களுக்கு "இவ்வளவு இடம் இருந்ததே" என்று தோன்றும். அதோடு, இடிக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டே பார்ப்பவரின் கண் நேராக அந்த இடைவெளிக்குத்தான் போகும். ஓட்டுகிறவனுக்கு அன்று பார்க்க வேண்டியவை இருபது இருந்தன.

ஒரே வீடியோவை எல்லோரும் ஒரே மாதிரி பார்ப்பார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் 2007-ல் ஸ்காட் எதிர் ஹாரிஸ் என்று ஒரு தீர்ப்பு. ஜார்ஜியா மாநிலத்தில் வேகமாகப் போன 19 வயது இளைஞரைத் துரத்திய போலீஸ்காரர், தன் காரால் பின்னாலிருந்து இடித்தார். அந்த இளைஞருக்குக் கைகால் செயலிழந்துவிட்டது. போலீஸ் காரின் டேஷ்கேம் பதிவைப் பார்த்த உச்ச நீதிமன்றத்தில் எட்டு நீதிபதிகள், பொதுமக்களுக்கு அவ்வளவு ஆபத்தான ஓட்டம் அது, போலீஸ் செய்தது நியாயம் என்றார்கள். அதே பதிவைப் பார்த்த நீதிபதி ஸ்டீவன்ஸ் மட்டும் மறுத்தார். தீர்ப்போடு வீடியோவையும் நீதிமன்றம் இணையத்தில் போட்டது. பிறகு ஆய்வாளர்கள் அதைச் சுமார் 1,350 அமெரிக்கர்களுக்குக் காட்டிக் கேட்டார்கள். பெரும்பாலோர் எட்டு பேர் பக்கம் நின்றாலும், யார் எந்தச் சமூகப் பின்னணியிலிருந்து வருகிறார்களோ அதற்கேற்ப அபிப்பிராயம் பிரிந்தது. இதைப் படித்த பிறகுதான், வீடியோவைக் கொடுத்தால் மட்டும் போதாது, என்ன நடந்தது என்று எழுத்திலும் கூடவே கொடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்.

வேகத்துக்கு வருவோம். தம்பியின் கேமராவில் ஜி.பி.எஸ். உண்டு. திரையின் கீழே வேகம் ஓடிக்கொண்டிருக்கும். மோதுவதற்கு முந்தைய நொடியில் 67. சென்னையில் 2023 நவம்பரிலிருந்து காருக்கு உச்ச வேகம் 60. நம் கேமராவே நமக்கு எதிராகப் போட்டுக் கொடுத்த எண் இது. 60-ல் போனால் ஓட்டுநர் சுதாரிக்க எடுத்துக்கொள்ளும் ஒன்றரை நொடியில் கார் 25 மீட்டர் ஓடியிருக்கும், 67-ல் கிட்டத்தட்ட 28. பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே மூன்று மீட்டர் வித்தியாசம். இதைக் கேட்டதும் பலர் வேகம் காட்டும் வசதியை அணைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாலையின் வெள்ளைக் கோடுகளை அளந்து, நொடிக்கு முப்பது ஃபிரேம் என்று எண்ணினால் வேகத்தை யாரும் கண்டுபிடித்துவிடலாம். அணைப்பதால் நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. 55-ல் போன நாளில் அந்த எண்ணைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. 60 என்று போட்டிருக்கும் ஊரில் 60-க்குள் ஓட்டுவதுதான் இதற்கு வழி. மற்றதெல்லாம் ஆளை ஏமாற்றும் வேலை.

அழிப்பது அதைவிட மோசம். நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டப்படக் கூடாது என்று மின்னணுப் பதிவை அழித்தால் நியாய சன்ஹிதாவின் 241-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. பயத்தில் ஃபார்மேட் செய்துவிட்டு வந்து கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியலமைப்பின் 20(3) சொல்கிறது. ஆவணத்தைக் கொண்டுவா என்னும் சம்மன் குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டுப்படுத்தாது என்று 1964-லேயே ஷ்யாம்லால் சோக்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் போலீஸே தேடிக் கைப்பற்றுவது வேறு அதிகாரம், அதை இது தடுக்காது. வீடியோ உங்களுக்குப் பாதகமாக இருக்கும் என்று தோன்றினால், தானாகப் போய்க் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். கொடுக்காமல் இருப்பதற்கும் அழிப்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

விபத்தை விடுங்கள், பலர் டேஷ்கேம் வாங்குவதே வாகனச் சோதனையை நினைத்துத்தான். நிறுத்திப் பணம் கேட்டால் மாட்டிவிடலாம் என்று. ஆனால் நம் கேமரா பார்ப்பது முன்னே. போலீஸ்காரர் வந்து நிற்பது ஓட்டுநர் ஜன்னலில். அங்கே நடப்பது எதுவும் படத்தில் வராது. குரல் மட்டும் வரும், அதுவும் மைக் ஆன் ஆகியிருந்தால். அந்தக் குரலில் நம்முடையதும் இருக்கும். "சார், பார்த்து முடிச்சு விடுங்க சார்" என்று நாமே ஆரம்பித்தால் அதுவும் பதிவாகும். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-வது பிரிவில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழாண்டு வரை சிறை. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவருக்கு மட்டும் விலக்கு, அதுவும் ஏழு நாளைக்குள் புகார் செய்தால். அதனால் பணம் கேட்ட குரல் உங்களிடம் இருந்தால் அதை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், அந்த ஏழு நாளைக்குள் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள்.

போனை எடுத்து போலீஸ்காரர் முகத்துக்கு நேரே பிடிப்பதைவிட, கண்ணாடியில் தன் பாட்டுக்கு ஓடும் கேமரா எவ்வளவோ மேல் என்பதையும் சொல்ல வேண்டும். போனைத் தூக்கினால் வாக்குவாதம் வரும், வாக்குவாதம் முற்றினால் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு வரும். கேரளத்தில் இந்தக் குழப்பத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2011-ன் கேரள போலீஸ் சட்டம், பிரிவு 33: போலீஸ் நடவடிக்கையைப் பொதுமக்கள் சட்டப்படி படமோ ஒலியோ பதிவு செய்வதை எந்தப் போலீஸ் அதிகாரியும் தடுக்கக் கூடாது. வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் கிடைக்கும் இந்த உறுதி இங்கேயும் எழுத்தில் வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஒழுங்காக வேலை செய்யும் போலீஸ்காரருக்கும் அது பாதுகாப்புதான்.

தம்பி விஷயம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். அவன் மீதான நடவடிக்கையைக் கைவிட்டு இறுதி அறிக்கை போட்டார்கள். அந்த இடைவெளியில் பைக் நுழைந்ததும், தம்பி லேன் மாறாமல் வந்ததும், நின்று உதவியதும் மறுக்க முடியாதபடி பதிவாகியிருந்தன. ஆனால் அடிபட்ட பையன் இழப்பீடு கேட்டுச் சிறு வழக்குகள் நீதிமன்ற வளாகத்திலுள்ள விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறான். அது அவன் உரிமை, கால் ஒடிந்து மாதக்கணக்கில் வேலைக்குப் போகாதவன். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதே வீடியோவைக் காட்டி முழுத் தப்பும் பைக் மேல் என்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் அதே வீடியோவில் 67-ஐக் காட்டி, தப்பில் பங்கு கார் மேலும் உண்டு என்கிறார். இரண்டும் அதில் இருக்கிறது. பாதிக்குப் பாதியா, எண்பதுக்கு இருபதா என்று தீர்ப்பாயம் பிரிக்கட்டும். ஸ்டேஷனில் காப்பாற்றிய வீடியோவே தீர்ப்பாயத்தில் கொஞ்சம் கடிக்கலாம் என்று தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அங்கே இன்னொரு வேலையும் வந்தது. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையிலிருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். இரண்டு பகுதி. முதல் பகுதியில் சாதனத்தின் மாடல், நிறம், சீரியல் நம்பர், கோப்பின் ஹாஷ் மதிப்பு எல்லாம் எழுதி நாம் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது பகுதி நிபுணர் கையெழுத்துக்கு. ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் நீளமான எண்ணெழுத்து வரிசை, கோப்பில் ஓர் இம்மி மாறினாலும் முழுக்க மாறிவிடும். அன்று ஸ்டேஷனில் நகலெடுத்தபோதே கணக்கிட்டுத் தாளில் எழுதியிருந்தோம். அதுவும் கார்டிலிருந்து எடுத்ததும் ஒன்றாக இருந்ததால் பதிவைத் திருத்தினார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருந்ததும் அதிர்ஷ்டம். பேட்டரி செத்துப்போன கேமரா 2016 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருந்தால் அதற்கு விளக்கம் சொல்லியே ஒரு வாய்தா போயிருக்கும். உங்கள் கேமராவில் இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்தத் தாளும் முத்திரையும் எங்களுக்குக் கிடைத்தது ஓர் எஸ்.எஸ்.ஐ. பொறுமையாக இருந்ததால். எல்லோருக்கும் அப்படி அமையாது. விபத்து வழக்கில் வீடியோ கொண்டுவருகிறவரின் முன்னிலையில் நகலெடுத்து, ஹாஷ் மதிப்பைக் குறித்து, அதே தாளில் ரசீது கொடுக்க வேண்டும் என்று காவல்துறைத் தலைமையிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும். சட்டத் திருத்தம் தேவையில்லை, புது நிதியும் தேவையில்லை. ஸ்டேஷனில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிறது, ஒரு கார்டு ரீடர் முந்நூறு ரூபாய்க்குள் வந்துவிடும்.